பெருவிரல் பக்கம்

அந்தக் கையைக் கொஞ்சம் எடுத்துக்கிடுங்க சாரே. கோவிச்சுக்கப்படாது. சீட்டுக்க மேல நீட்டிப் போட்டிருக்கியள்லா, அது எனக்க பிடரிக்குப் பின்னால வருது. நீங்க நல்ல ஆளாத்தான் இருப்பிய, மொகத்தைப் பாத்தாலே தெரியுது. ஆனாலும் கையை மடியில வச்சிருங்க. ரெண்டு கையும் எனக்குத் தெரியுத மாதிரி. ஆங், அப்பிடி.

இந்த வேக்காட்டுல கழுத்துல துவர்த்துத் துண்டைச் சுத்திக்கிட்டு வாறானே, இவனுக்கு வட்டா, கிறுக்கான்னு நினைக்கிய. நினைச்சுக்கிடுங்க. வீட்டுலயும் அதைத்தான் நினைக்காவ. காரணம் சொல்லுதேன், கேட்ட பிறகு நீங்களே எனக்கு இன்னொரு துவர்த்து வாங்கித் தருவிய.

டிரைவருக்குப் பின் சீட்டுல வெள்ளைச் சட்டை, நரைச்ச தலை, மடியில துணிப்பை. பாத்தியளா? இப்பத் திரும்பிப் பாத்தாம்லா, அவன்தான். பேரு ராஜையன். எனக்க பெஞ்சாதிக்க தம்பி. பக்கத்துல முந்தானையால மொகத்தைத் தொடைச்சுக்கிட்டு இருக்கது எனக்க பெஞ்சாதி புஷ்பபாய். என்னைத் தட்டினது அவன். தட்டினதுன்னா கொல்லத் தட்டினது. அய்ய, எந்திரிக்காதீங்க, கண்டக்டரைக் கூப்பிடாதீங்க. அதெல்லாம் பேசித் தீத்தாச்சு. அவனுக்க வாயாலயே ஒத்துக்கிட்டான். இப்ப திருவனந்தபுரத்துக்குத்தான் போறோம், பெரிய ஆஸ்பத்திரிக்கு. நாளைக்கு எனக்க நெஞ்சைத் திறக்காவ.

கார் ஏற்பாடு பண்ணுதேன்னு அவன்தான் சொன்னான். நான் சம்மதிக்கல. காருன்னா கதவைச் சாத்தினா உள்ள நாலு பேரு. அதுல மூணு பேரு அவனுக்க ஆளு. வழியில எனக்கு ஏதும் ஒண்ணு ஆச்சுன்னா யாரு சாட்சி? பஸ்ஸுன்னா இத்தனை பேரு இருக்கிய. இன்னொண்ணும் சொல்லிட்டேன், நீ எனக்குப் பின்னால இருக்கப்படாது, முன்னால இரு, எனக்க கண்ணுல படுத மாதிரி இருன்னு. மறுபேச்சுப் பேசல. போய் இருந்துட்டான். குற்றமுள்ளவன் பேச மாட்டாம்லா. ஆனா பாருங்க, தக்கலையில ஏறினதுல இருந்து திரும்பித் திரும்பிப் பாக்கான். உயிரு இருக்கா, போச்சான்னு பாக்கான்.

நான் யாருன்னு சொல்லலியே. தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல மருந்துக்கடைக்கு மாடியில ஒரு போர்டு பாத்திருப்பிய, 'தங்கமணி தற்காப்புப் பயிற்சி மையம்'. அந்தத் தங்கமணி நானாக்கும். மாஸ்டர்னு சொன்னா யாரும் காட்டித் தருவாவ. அடிமுறை, சிலம்பம், கராத்தே மூணும் கலந்து நானே ஒரு முறை வச்சிருக்கேன். காலேஜ் பிள்ளேள், பேங்குல வேலை பாக்குத பெண்ணுவ, நர்சுமாரு எல்லாரும் வருவாவ. நான் முதல் நாள் சொல்லிக் குடுக்கது அடி இல்ல சாரே. சந்தேகம். ஹோட்டலுக்குப் போனா வாசலைப் பாத்து இருக்கணும். ஏடிஎம்முல நின்னா முதுகுக்கு சுவரு இருக்கணும். பின்னால செருப்புச் சத்தம் கேட்டா ரோட்டைக் கடந்து பாக்கணும், அதுவும் கூடக் கடந்துச்சுன்னா தெரிஞ்சுபோச்சு. உலகத்துல பாதிப் பேரு நல்லவன், பாதிப் பேரு கெட்டவன்னு வைங்க. எந்தப் பாதி உங்களுக்குப் பின்னால நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுலா. அப்பம் எல்லாரையும் அந்தப் பாதியிலேயே வச்சிரணும்.

ரெண்டாவது நாளு புடி விடுவிக்கச் சொல்லிக் குடுப்பேன். இந்தா பாருங்க, எனக்க மணிக்கட்டை நானே புடிக்கேன். யாரும் இப்பிடிப் புடிச்சா எல்லாரும் என்ன செய்வாவ? இழுப்பாவ. இழுத்தா வராது. அஞ்சு விரல்ல நாலு ஒரு பக்கம் நிக்குது, பெருவிரல் மட்டும் ஒத்தையா எதிர்ப்பக்கம் நிக்குது. நாலு பேரோட எதுக்கு மல்லுக்கட்டணும்? ஒத்தையா நிக்கவனைப் பாத்துத் திரும்பு. முழங்கையை மடக்கி, பெருவிரல் பக்கமா ஒரு திருப்பு. எப்பேர்ப்பட்ட தடியன் புடியும் விட்டுரும். வீட்டுல போய்ச் செய்து பாருங்க. பெஞ்சாதிகிட்ட வேண்டாம்.

ராஜையனும் நானும் ஒரே ஆசான்கிட்டப் படிச்சவங்கதான். திருவட்டாறு பக்கத்துல அவருக்க களரி. அங்க ஒரு சட்டம் உண்டு சாரே. களரியில ஆசானுக்க விளக்கு எரியும், கண்டிருப்பியளா தெரியல, குத்துவிளக்கு, தென்மேற்கு மூலையில. அது எரியுத நேரத்துல உள்ள நின்னு யாரும் பொய் சொல்லப்படாது. சொன்னா படிச்ச வித்தை கையை விட்டுப் போயிரும். மத்தவங்க எப்பிடியோ, இந்த ராஜையன் அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டான். அதுலதான் எனக்க பொழப்புல மண்ணு விழுந்துச்சு.

கம்பு விளையாட்டுல ஒரு பயலுக்கு நெத்தி பிளந்துபோச்சு. கை தவறிப் பட்டது. யாரு கைன்னா, செரி, எனக்க கைதான். பட்ட பிறகு அவன் கீழ விழுந்து கிடந்து மொறைச்சா நான் என்ன செய்ய? ஆசான் வந்து, நிறுத்துன்னு நான் சொன்ன பிறகு அடிச்சது யாருலேன்னு கேட்டாரு. எல்லாவனும் வாயில மண்ணை அடைச்ச மாதிரி நிக்கான். அப்பம் எனக்கும் புஷ்பத்துக்கும் கல்யாணம் பேசி முடிச்சாச்சு. அக்காளுக்க மாப்பிள்ளை ஆகப்போறவன். பாக்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? விளக்கைப் பாத்தான். அத்தான்தான் அடிச்சாரு, நீங்க நிறுத்துன்னு சொன்ன பிறகு அடிச்சாருன்னு சொல்லிட்டான்.

அதோட முடிஞ்சுது. ஆசான் எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் சொல்லித் தரல. வர்மம் முழுக்க இவனுக்குப் போச்சு. களரியும் இவனுக்கு. நான் பிறகு தனியாக் கூப்பிட்டு வச்சுக் கேட்டேன், ஏம்லே இப்பிடிச் செய்தன்னு. அவன் சொன்னதைக் கேளுங்க. "விளக்கு எரிஞ்சுது அத்தான். அணைஞ்சிருந்தா உங்களுக்காக என்ன பொய் வேணும்னாலும் சொல்லியிருப்பேன்."

கேட்டியளா? என்ன சாமர்த்தியம். அணையாத விளக்கைச் சாட்சி வச்சு 'அணைஞ்சிருந்தா'ங்கான். அன்னையில இருந்து நான் அவன்கிட்ட நேராப் பேசுததில்ல. அவன் களரியில எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் ஆளு வரிசையில நிக்கும். நானும் என்னால முடிஞ்சதைச் சொல்லி வைப்பேன், அது வெறும் தேங்காயெண்ணைதான், நிறத்துக்கு என்னமோ கலக்கான்னு. உள்ளதைச் சொல்லதுல என்ன தப்பு? உள்ளது இல்லாட்டா அவன் வந்து மறுத்திருக்கலாம்லா. மறுக்கல.

வர்மம்னா உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. உடம்புல சில இடங்க உண்டு. அடிக்க வேண்டாம், விரலால தட்டினாப் போதும். ஆளு அப்பவே விழ மாட்டான், அதாக்கும் விசேசம். சிரிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவான், மீன்கறி வச்சுச் சோறு தின்பான், மாசம் கழிச்சோ வருசம் கழிச்சோ ஒருநாள் சாய்வான். தட்டினவன் எழவுக்கு வந்து முன்னால நின்னு அழுவான். யாருக்குத் தெரியும்? அந்தத் தட்டை எடுக்கதுக்கு எதிர்த் தட்டு ஒண்ணு உண்டு. அதுக்கு அடங்கல்னு பேரு. தட்டினவனே எடுத்தாத்தான் சுத்தமாப் போகும். எடுக்காம அந்த உடம்புல கத்தி பட்டுதோ, ஆளு அங்கனயே காலி. ஆசான் எனக்கு அவ்வளவுதான் சொன்னாரு. மிச்சத்தை நானாத்தான் விளங்கிக்கிட்டேன்.

இந்த மாசிக்கு முந்தி குலசேகரத்துல ஒரு கல்யாணம். புஷ்பத்துக்க சித்தப்பா பேத்திக்கு. மண்டபம் மாடியில. படி ஏறி வந்து பந்திக்கு நிக்கேன். எள்ளு போட்டாக் கீழ விழாத கூட்டம். நான் எப்பவும் சுவரோரமா நிக்கவன், அன்னைக்குப் பாயசத்துக்க மணத்துல புத்தி கெட்டுப்போச்சு. பின்னால இருந்து ஒரு கை வந்து தோளுல விழுந்துச்சு. திரும்பிப் பாத்தா ராஜையன். அத்தான், சுகமான்னு கேட்டான். எத்தனை வருசத்துக்குப் பிறகு. கையை எடுக்கல. பைய நகர்ந்து காதுக்குக் கீழ, கழுத்துல, இந்தா இந்த இடத்துல மூணு விரலை வச்சான். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல். வச்சுக்கிட்டு அப்பிடியே நிக்கான். பேச்சில்ல. அவனுக்க மொகத்துல சிரிப்பு போச்சு, கண்ணு எங்கேயோ போச்சு. பிறகு கேக்கான், படி ஏறினா மூச்சு முட்டுதா அத்தான்னு.

நான் யார்கிட்டயும் சொல்லலியே சாரே. எனக்க பெஞ்சாதிக்கே தெரியாது. தட்டினவனுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?

அன்னைக்குப் பாயசம் இறங்கல. மறுநாள் மையத்துக்குப் படி ஏறுதேன், பாதியில நெஞ்சுல அம்மிக்கல்லை வச்ச மாதிரி. இடது கை மரத்துப்போச்சு. வேர்த்து ஊத்துது. பாத்தியளா, தட்டு வேலை செய்யுது. அதுக்கு முந்தி வந்துச்சான்னா, வந்துச்சு, அது வேற. அது வாயு. ஒரு வருசமா உண்டு. படி ஏறினா வரும், ஏப்பம் விட்டாப் போகும், சுக்குக் கஷாயம் குடிப்பேன். இது ஏப்பத்துக்குப் போகல. ரெண்டும் ஒண்ணுன்னு டாக்டரம்மா சொல்லுதா, அவளுக்கு என்ன தெரியும்?

டாக்டரம்மாகிட்டக் கொண்டுபோனதும் அவன் வேலைதான். கல்யாண வீட்டுல இருந்து நான் வீடு திரும்புததுக்குள்ள புஷ்பத்துக்குப் போன் போட்டிருக்கான். அத்தானை உடனே நெஞ்சு டாக்டர்கிட்டக் காட்டு, தள்ளிப் போடாதன்னு. இவ அழுதுகிட்டு வந்து நிக்கா. அவனுக்கு எப்பிடிடீ தெரியும்னு கேட்டேன். தொட்டப்பம் தெரிஞ்சுதாம்னா. ஆமா, தொட்டான், தெரிஞ்சுது. நெருப்பு வச்சவனுக்குத்தானே எந்த வீடு எரியப்போகுதுன்னு தெரியும்?

கையில ஒரு கம்பியை விட்டுப் படம் எடுத்துப் பாத்தாவ. ஊசிதானே, ஊசி வேற கத்தி வேறன்னு அதுக்கு நான் சம்மதிச்சேன். டாக்டரம்மா படத்தைக் காட்டி, இருதயத்துக்கு ரத்தம் போற குழாயில அடைப்பு இருக்கு, மூணு இடத்துல, சீக்கிரம் ஆபரேசன் பண்ணணும்னு சொன்னா. எத்தனை இடம்? மூணு. எத்தனை விரல்? மூணு. பொருந்துதா இல்லியா சொல்லுங்க. நான் டாக்டரம்மாகிட்டயே கேட்டேன், ஒரு விரலுக்கு ஒரு அடைப்புத்தானேன்னு. அவ புஷ்பத்தைப் பாத்தா. புஷ்பம் தரையைப் பாத்தா. என்னை யாரும் பாக்கல.

கத்தி வைக்கப்படாதுன்னு நான் ஒத்தக் காலுல நின்னேன். மவ மும்பையில இருந்து போன்ல அழுதா. மருமவன் மிரட்டிப் பாத்தான். ஆபரேசன் பண்ணலைன்னா எப்ப வேணும்னாலும் போயிருவியன்னு டாக்டரம்மா எனக்க மொகத்துக்கு நேரா சொன்னா. பண்ணினா அங்கனயே போயிருவேனேம்மா, தட்டு எடுக்காம எப்பிடிப் பண்ணன்னு நான் கேட்டேன். சாகப் பயம் இல்லன்னு சொல்ல மாட்டேன் சாரே. நல்ல பயம் உண்டு. கண்ணை மூடினா அந்த மூணு விரலும் கழுத்துல இருக்கும், அதுக்குத்தான் இந்தத் துவர்த்து. உறக்கமே இல்ல.

வேற வைத்தியன்மாரைப் பாத்தேன். பாகோடு ஊருல ஒருத்தன், கருங்கல் ஊருல ஒருத்தன். ரெண்டு பேரும் கையைப் புடிச்சுப் பாத்துட்டு, தட்டும் இல்ல கிட்டும் இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னுட்டாவ. ஒரே வார்த்தை, மாத்திச் சொல்லல. எனக்கு மூக்கு வேர்த்துச்சு. விசாரிச்சுப் பாத்தா பாகோட்டுக்காரன் ராஜையன்கிட்ட எண்ணை காய்ச்சப் படிச்சவன். கருங்கல்காரனுக்கு அவனைத் தெரியவே தெரியாதாம். தெரியாதுன்னு அத்தனை உறுதியாச் சொன்னதுலதான் எனக்குச் சந்தேகம்.

பிறகு மையத்துல ஒண்ணு நடந்துச்சு. அதைச் சொல்லக் கூச்சமா இருக்கு. காலேஜ் பிள்ளேளுக்குக் கழுத்துப் பூட்டு விடுவிக்கச் சொல்லிக் குடுக்கேன். பின்னால இருந்து ஒருத்தி முழங்கையால கழுத்தைக் கட்டணும், நான் கால்முட்டை மடக்கி, இடுப்பைத் திருப்பி விடுவிக்கணும். ஜெனிலான்னு ஒரு பிள்ள, கோழிக்குஞ்சு மாதிரி இருப்பா. கட்டினா. நான் கால்முட்டை மடக்கினேன், முட்டு பிறகு நிமிரல. திருப்பினேன், இடுப்பு திரும்பல. கையால தட்டி விடச் சொன்னேன். அவ விடல. ஏன்னா எதிராளி விழுத வரைக்கும் விடப்படாது, தட்டினாலும் நம்பப்படாதுன்னு நான்தானே சொல்லிக் குடுத்தது. விழுந்தேன். கண்ணு தெளிஞ்சு பாத்தா அந்தப் பிள்ள சுவரோட ஒட்டி நின்னு ஏங்கி ஏங்கி அழுதுது. அவளுக்கு எந்த ஊருன்னு கேட்டேன். திருவட்டாறுன்னா. பாத்துக்கிடுங்க.

அன்னைக்குத்தான் புஷ்பம் துணியை எடுத்துப் பையில வச்சுக்கிட்டுத் தம்பி வீட்டுக்குப் போனா. வருவாளா மாட்டாளான்னு எனக்குத் தெரியல. கோவத்துல இல்ல, அழுகையும் இல்ல, அப்பிடி ஒரு மொகத்தை நான் அவகிட்டக் கண்டதில்ல. நீங்க என்ன சொன்னா ஆஸ்பத்திரிக்கு வருவியன்னு வாசல்ல நின்னு கேட்டா. நான் சொன்னேன், தட்டினதை அவன் ஒத்துக்கிடணும். நீ போன்ல கேட்டப்பம் தட்டலைன்னு சொன்னாம்லா, போன்ல விளக்கு எரியுதா? களரியில, அவனுக்க பிள்ளேளு முன்னால, நேருக்கு நேரா நின்னு சொல்லட்டும். ஒத்துக்கிட்டு, அடங்கல் செய்து தாறேன்னு வாக்குக் குடுக்கட்டும். பிறகு எந்தக் கத்தி வேணும்னாலும் படட்டும்.

மறுநாள் சாயங்காலம் மருமவனுக்க சிநேகிதன் ஒருத்தன் என்னை ஆட்டோவுல கூட்டிக்கிட்டுப் போனான். அத்தனை வருசத்துக்குப் பிறகு அந்தக் களரிக்கு. கேளுங்க, உள்ள ஒண்ணும் மாறல. அதே செம்மண்ணு, அதே மூலையில அதே விளக்கு. இருவது இருவத்தஞ்சு பேரு கம்பைச் சாத்தி வச்சுட்டு நிக்காவ. புஷ்பமும் அவனும் வெளியில பிலாமரத்து மூட்டுல நின்னு என்னமோ பேசுதாவ. இவ கையெடுத்துக் கும்பிடுதா. தம்பியை அக்கா கும்பிடுவாளா? அவன் அந்தக் கையைப் புடிச்சு இறக்கி விட்டான். எனக்கு ஒரு வார்த்தை கேக்கல. என்ன திட்டம் போடுதாவளோன்னு கண்ணை எடுக்காமப் பாத்துக்கிட்டு நிக்கேன்.

உள்ள வந்தான். விளக்குக்கு முன்னால போய் நின்னான். நின்னான்னா, கல்லு மாதிரி நின்னான். பிள்ளேளு எல்லாம் அவனைப் பாக்குது, நான் அவனைப் பாக்கேன், அவன் விளக்கைப் பாக்கான். பிறகு குனிஞ்சு, திரியைப் பைய எண்ணைக்குள்ள இழுத்து விட்டான். விளக்கு அணைஞ்சுது.

அணைஞ்ச பிறகு எனக்க பக்கம் திரும்பினான்.

"ஆமா அத்தான். நான்தான் தட்டினேன். கல்யாண வீட்டுல வச்சுத் தட்டினேன்."

கேட்டியளா சாரே! கடைசியில வாயைத் திறந்துட்டான். எனக்கு அப்பம் ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, பத்து நாளு பட்டினி கிடந்தவனுக்குக் கஞ்சி கண்ட மாதிரி. நான் சொன்னேன்லா, சொன்னேன்லான்னு எல்லாரையும் பாத்தேன். ஒருத்தனும் என்னைப் பாக்கல. எல்லாவனுக்க மொகத்துலயும் ஈ ஆடல. ஜெஸ்டின்னு மூத்த சிஷ்யன் ஒருத்தன், முன்னால வந்து, கம்பைக் கீழ வச்சான். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டான். இறங்கிப் போயிட்டான். அவனுக்குப் பின்னால ரெண்டு மூணு பேரு. பிறகு இன்னும் கொஞ்சம் பேரு. சொந்தக்காரனை வர்மத்துல தட்டினவன்கிட்ட யாரு படிப்பா? ராஜையன் யாரையும் தடுக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னான்.

அடங்கல் எப்ப செய்வன்னு நான் கேட்டேன். அதுக்கும் அவன் பதில் வச்சிருந்தான். தட்டு ஆழத்துல இறங்கிப் போச்சு அத்தான், மொதல்ல டாக்டருமாரு ரத்தம் போற வழியைத் திறந்து விடணும், நீங்க கண்ணு முழிச்ச பிறகு நான் அடங்கல் செய்வேன், அதுவரைக்கும் உங்க பக்கத்தை விட்டு நகர மாட்டேன்னான். அப்பம் கத்தி படலாமான்னு கேட்டேன். தட்டினவன் சொல்லுதேன், படலாம்னான். தட்டினவனே சொன்ன பிறகு பின்ன என்ன? செரின்னுட்டேன். புஷ்பம் அங்கனயே மண்ணுல உக்காந்துட்டா.

அதுக்குப் பிறகு அவன் களரிக்கு ஈ காக்கா போறதில்ல. சுளுக்கெடுக்க வாறவங்களும் வாறதில்ல. தட்டின கையால எண்ணை தேய்க்க யாரு முதுகைக் காட்டுவா? அங்க படிச்ச பிள்ளேளுல சிலதுக்க அப்பன்மாரு எனக்க மையத்துக்கு வந்து கேட்டாவ, சேத்துக்கிடுங்க மாஸ்டர்னு. சேக்கல. ஏன் சேக்கலைன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. இப்ப முடியாது, பிறகு பாக்கலாம்னு அனுப்பிட்டேன்.

என்ன, ஒரு மாதிரி பாக்கிய? விளக்கா? எதுக்கு அணைச்சான்னா கேக்கிய?

வெக்கம் சாரே. வெக்கம்தான், வேற என்ன. ஆசானுக்க விளக்கைப் பாத்துக்கிட்டு நான் இன்னாரைத் தட்டினேன்னு சொல்ல ஒரு மனுசனுக்கு வாய் வருமா? அதனால அணைச்சான். புஷ்பமும் இதைக் கேட்டா, நீங்க அந்த விளக்கைப் பாத்தியளான்னு. பாத்தேன், வெக்கத்துல அணைச்சான்னு நானும் சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லல. நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்கு நாளைக்கு ஆபரேசன். தட்டின தட்டு இருக்கு, எடுக்கதுக்கு ஆளு இருக்கு, அதை நம்பித்தான் நான் அந்த மேசையில ஏறிக் கிடக்கப்போறேன். தட்டே இல்லைன்னு வச்சுக்கிடுங்க, பிறகு நான் எதை நம்பிக் கிடக்க?

செரி விடுங்க. நெய்யாற்றின்கரை தாண்டி நேரம் ஆச்சுலா. பேசினதுல வழி போனதே தெரியல. இந்தச் சன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளுங்க, காத்து பத்தல. இல்ல, வலி இல்ல. வேர்க்கு, அவ்வளவுதான்.

அந்தா, எந்திரிச்சு வாறான் பாருங்க. ஓடுத பஸ்ஸுல கம்பியைக் கூடப் புடிக்காம வாறான், களரிக்காரன் காலுலா. எனக்க பை அது, அவன் தோளுலதான் கிடக்கு. புஷ்பத்துக்க பையும் அவன்தான் சுமக்கான். சுமக்கட்டும். தட்டினவன்தானே சுமக்கணும்.

இறங்க வேண்டிய இடம் வந்தாச்சாம். 'பைய எந்திரிங்க அத்தான்'ங்கான். இந்தா, கையைப் புடிச்சுட்டான். பாத்தியளா சாரே, மணிக்கட்டுல. அதே மூணு விரல். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல். வச்சுக்கிட்டு அதே மாதிரி பேச்சில்லாம நிக்கான், உதடு மட்டும் என்னமோ எண்ணுது. பெருவிரல் இந்தப் பக்கம் ஒத்தையா நிக்கு.

வழி எனக்குத் தெரியாமலா? ஊரு பிள்ளேளுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவன் நான். முழங்கையை மடக்கி இந்தப் பக்கமா ஒரு திருப்பு. இப்ப இருக்க பெலத்துலயும் விட வச்சிருவேன்.

இல்ல, இருக்கட்டும். வாறேன் சாரே. நீங்க அந்தக் கையை இனி எங்க வேணும்னாலும் வச்சுக்கிடுங்க.

லேய் ராஜையா, விட்டுராதலே. படி உயரமா இருக்கு.